முதுகு காட்டாத வீடு

கல்னியாஸைக் கப்பலிலிருந்து ஒரு கதவில் கிடத்தித்தான் வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். நவம்பர் மாதம், கடலோரம் பனிக்கட்டி படியத் தொடங்கியிருந்த சமயம். சாமான் அறைக் கதவைக் கழற்றி, அதன்மேல் அவரைக் கட்டி, ஆறு பேர் துறைமுகத் தெரு வழியாக நடந்து வந்தார்கள். எங்கள் துறைமுக ஊரான பவுத்தினோவில் அப்படி ஒரு ஊர்வலம் வந்தால் யாரும் வீட்டுக்குள் இருக்க மாட்டோம். புயலில் மாட்டியிருப்பார், சங்கிலி அறுந்து அடித்திருக்கும் என்றெல்லாம் ஆளாளுக்கு முணுமுணுத்தோம்.

அப்படி ஒன்றும் இல்லை. காலையில் தேநீர் குடிக்கும்போது ஸ்பூன் கீழே விழுந்திருக்கிறது. எடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. இருபத்தெட்டு வருஷம் இழுவைக் கப்பலில் நங்கூரச் சங்கிலியோடும் தொடை பருமன் வடங்களோடும் மல்லுக்கட்டிய முதுகு, ஒரு ஸ்பூனுக்கு மண்டியிட்டுவிட்டது.

கதவு வீட்டு வாசலுக்குள் நுழையவில்லை. நேராகப் பிடித்தால் அகலம் இடித்தது. சாய்த்தால் அவர் உருண்டுவிடுவார். ஆறு பேரும் ஆறு யோசனை சொல்ல, கதவில் கிடந்தவரே ஏழாவதாக ஒன்று சொன்னார். அவர் அந்தக் கப்பலின் சாரங்கு, தளத்து ஆட்களுக்கெல்லாம் மேஸ்திரி. ஆட்களை ஏவியே பழகிய வாய்.

உள்ளேயிருந்து அவர் மனைவி உல்மெக்கென் வந்தாள். "கதவ வெளியிலயே வையுங்க. மனுசன மட்டும் கொண்டாங்க" என்றாள்.

உல்மெக்கெனும் நானும் பள்ளிக்கூடச் சமையலறையில் பதினேழு வருஷமாக ஒரே அண்டாவைக் கிண்டுகிறவர்கள். என் வீடு அவள் வீட்டுக்கு எதிரே. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவள் புருஷன் சேர்ந்தாற்போல ஒரு மாதத்துக்கு மேல் வீட்டில் தங்கியதில்லை. பனியில் கப்பல் கரையில் நிற்கும்போதும் பழுதுபார்க்கும் பட்டறையில்தான் கிடப்பார். வந்தால் ஆடு அறுப்பு, உறவுக்காரர்கள், ஊர்க்கதை. பிறகு மறுபடி பை தூக்கிக் கிளம்பிவிடுவார். "எனக்கு வாச்சது புருசன் இல்லக்கா, விருந்தாளி. என்ன, துணி துவைச்சுக் குடுக்க வேண்டிய விருந்தாளி" என்று பாத்திரம் கழுவிக்கொண்டே சொல்வாள். அந்த விருந்தாளிதான் இப்போது வீட்டின் நடு அறையில், அடுப்புச் சுவரை ஒட்டி, பலகையில் கம்பளி விரித்துப் படுத்துக் கிடந்தார். எழுந்து போவதாயில்லை.

முதல் வாரம் வீடு பட்ட பாட்டைக் கேட்க வேண்டாம். நிலக்கரி எத்தனை அள்ளிப் போட வேண்டும், வாளியை எந்தப் பக்கம் வைக்க வேண்டும், தேநீர்க் கெண்டியின் மூக்கு எந்தத் திசை பார்க்க வேண்டும் என்று படுத்தபடியே உத்தரவு. உல்மெக்கென் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் கரண்டியோடு வந்து தலைமாட்டில் நின்றாள். இந்தக் கப்பலுக்கு இருபத்தாறு வருஷமாக நான்தான் சாரங்கு, நீங்கள் இதில் பயணி என்றாள். அதோடு உத்தரவு நின்றது. பேச்சும் பாதி நின்றது.

அக்தாவு நகரத்து மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்தார்கள். இடுப்புக்கு மேலே இரண்டு எலும்புகளுக்கு நடுவிலிருக்கும் வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, கனம் தூக்கக் கூடாது, படுக்கை, கொஞ்சம் நடை, கொஞ்சம் பயிற்சி, சரியாகாவிட்டால் அறுவை என்றார்கள். அறுவை என்ற சொல்லைக் கேட்டதும் கல்னியாஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தவுஷிக் கிராமத்திலிருந்து எலும்பு கட்டுகிறவளைக் கூட்டிவந்தோம். அவள் ஆட்டுக்கொழுப்பைச் சூடாகத் தேய்த்து, குதிகாலால் மிதித்து, ஒரு கிண்ணம் ஒட்டகப்பாலும் மூன்று மீனும் சாப்பிட்டுவிட்டுப் போனாள். இரண்டு நாள் சுகமாக இருந்தது. மூன்றாம் நாள் இடது கால் மரத்துவிட்டது.

அவருக்கு ஒரே கணக்குதான். ஏப்ரலில் பனி விலகியதும் அவர் கப்பல் 'அக்சுங்கர்' கிளம்பும். அதற்கு முன் அக்தாவுவில் மருத்துவக் குழுவின் பரிசோதனை. அதில் தேறினால் கப்பல். கட்டிய பை அவர் கால்மாட்டிலேயே இருந்தது. யாரும் அதை நகர்த்தக் கூடாது.

ஆனால் அந்தக் குளிர்காலத்தில் அந்த வீட்டில் அதிகம் அவதிப்பட்டது அவரில்லை, மருமகள் மென்சுலு.

செப்டம்பரில்தான் வந்திருந்தாள். செனெக் கிராமத்துக்காரி. மணல்மேட்டில் ஒட்டகங்களோடு வளர்ந்தவள், கல்யாணத்துக்கு வந்த அன்றுதான் கடலையே பார்த்தாள். மகன் எஸ்பொல் எண்ணெய் வயலில் பதினைந்து நாள் வேலை, பதினைந்து நாள் வீடு. புது மருமகள் மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது, அவருக்கு முதுகு காட்டக் கூடாது என்பதெல்லாம் எங்கள் பெண்பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, முகம் காட்டியபடியே பின்னால் நடந்து போய்விடுவோம். ஒரு நிமிஷ வேலை. ஆனால் மாமனார் நாள் முழுக்க நடு அறையிலேயே படுத்துக் கிடந்தால்? மென்சுலுவின் அறை ஒரு பக்கம், சமையலறை மறுபக்கம். வாளியோடும் மாவோடும் சாம்பல் தட்டோடும் ஒரு நாளைக்கு நூறு தடவை அவரைக் கடந்து போக வேண்டும். அத்தனை தடவையும் பின்னாலேயே நடந்தாள். அடுப்பு மூலையில் இடித்து இடுப்பெல்லாம் கன்றிப்போயிருந்தது.

கல்னியாஸ் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பாவம், பிள்ளை சிரமப்படுகிறதே என்று, அவள் காலடி கேட்கும்போதெல்லாம் சுவர்ப்பக்கம் புரண்டு படுத்துக்கொண்டார். நான் பார்க்காவிட்டால் அவள் நேராக நடப்பாள் இல்லையா என்ற எண்ணம். புரள்வது என்றால் அவருக்குச் சும்மா இல்லை. பல்லைக் கடித்து, மூச்சை அடக்கி, ஒவ்வொரு எலும்பாக நகர்த்த வேண்டும். அவளோ, தன்னைக் கண்டாலே மாமனார் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்று நினைத்தாள். சுவரைப் பார்த்துக் கிடப்பவருக்கும் முதுகு காட்டாமல் பின்னாலேயே நடந்தாள். இரவில் புருஷனுக்குப் போன் போட்டு அழுதாள். உங்க அப்பாவுக்கு என்னைப் பிடிக்கவில்லை, என்னைக் கொண்டுபோய் விட்டுவிடுங்கள் என்று.

ஒருவர் மனத்தை ஒருவர் நோகாமல் பார்த்துக்கொள்வதாக நினைத்து, இரண்டு பேரும் மூன்று மாதம் நொந்துகொண்டிருந்தார்கள்.

பிப்ரவரியில் பக்கத்துக் கோட்டையூரில் ஒரு சாவு வீட்டில் நாற்பதாம் நாள். உல்மெக்கெனும் நானும் அந்தச் சாப்பாட்டுக்கு மாவு பிசையப் போயிருந்தோம். எஸ்பொல் எண்ணெய் வயலில். கிழக்குக் காற்று தகரத்தையெல்லாம் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கல்னியாஸ் கம்பை ஊன்றிக்கொண்டு முற்றத்துக் கடைசியிலிருக்கும் கழிவறைக்குப் போயிருக்கிறார். திரும்பும்போது சாம்பல் மேட்டுப் பக்கம், பனிக்கட்டியில் கால் வழுக்கியது. மல்லாக்க விழவில்லை, அது அல்லா செய்த உதவி. ஆனால் எழ முடியவில்லை.

பிறகு நடந்ததை ரொம்ப நாள் கழித்து எனக்கு மென்சுலுவே சொன்னாள்.

ஜன்னலில் பார்த்துவிட்டு ஓடியிருக்கிறாள். அவர் தரையில் கிடந்தபடியே, "நீ வராத. உள்ள போ. யாராவது ஆம்பளையக் கூட்டிட்டு வா" என்றிருக்கிறார். தெருவில் ஆம்பளை யாரும் இல்லை. எங்கள் தெருவே சாவு வீட்டில் இருந்தது. அவள் தன் கோட்டைக் கழற்றி அவர்மேல் போட்டாள். மாமனாரைத் தொட்டுத் தூக்குவதா என்று தயங்கினாள். அவர் கைகளை ஊன்றி நெஞ்சை நிமிர்த்தப் பார்த்தார். முடியவில்லை. மறுபடி பார்த்தார். வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

அந்தச் சத்தம் தனக்குத் தெரிந்த சத்தம் என்றாள் மென்சுலு. பனியில் வழுக்கிய ஒட்டகம் அப்படித்தான் கத்துமாம். அதற்கப்புறம் அவளுக்கு மாமனார், மருமகள் என்பதெல்லாம் மறந்துவிட்டது.

"நெஞ்ச நிமித்தாதீங்க மாமா" என்றாள். "நெஞ்சு கடைசி. மொதல்ல பக்கவாட்டுல திரும்புங்க. அப்பிடி இல்ல, முழுசா. முட்டியும் முழங்கையும் தரையில படணும்."

"எனக்குச் சொல்லித் தர்றியா?"

"ஆமா. ஒட்டகம் எப்பிடி எந்திரிக்கும்னு பாத்திருக்கீங்களா? பின்பக்கம்தான் மொதல்ல தூக்கும். முன்னாடியே தூக்குனா முதுகு போயிரும்னு அதுக்குத் தெரியும்."

அவர் திரும்பினார். அவள் ஓடிப்போய் சமையலறை முக்காலியைக் கொண்டுவந்து அவர் கைக்கு எதிரே வைத்தாள். முட்டியில் நகர்ந்து வந்து அதில் இரண்டு கையையும் ஊன்றச் சொன்னாள். ஒரு பாதத்தைத் தரையில் பதிக்கச் சொன்னாள். இடுப்பைத் தூக்கச் சொன்னாள். கடைசியில், அவர் தடுமாறியபோது, தோளைக் கொடுத்துவிட்டாள். அவரும் பிடித்துக்கொண்டார்.

நின்றதும் அவர் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு, "இத உங்க அத்தகிட்ட சொல்லாத" என்றார்.

"சொல்லல."

"அவனுக்கும் சொல்லாத."

"யாருக்கும் சொல்லல மாமா. ஆனா ஒண்ணு கேக்கணும். எம்மேல என்ன கோவம் உங்களுக்கு? நான் வந்தாலே செவுத்தப் பாத்துக்கறீங்க."

அவருக்கு முதலில் விளங்கவே இல்லை. விளங்கியதும் சிரிப்பு வந்தது. சிரித்தால் முதுகு பிடுங்கியது, அதனால் முக்காலியைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். "அட பைத்தியமே. நீ நேரா நடக்கட்டும்னுதான் நான் திரும்பிப் படுத்தேன். ஒவ்வொரு தடவையும் உசுரு போயிட்டு வந்துச்சு."

அவள் அங்கேயே, காற்றில், அழுதுவிட்டாள்.

"இன்னையிலேருந்து எனக்கு முதுகக் காட்டு" என்றார் கல்னியாஸ். "மனுசங்க மாதிரி நட. ஊர்ல எவனாவது கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எனக்கும் முதுகு வலிக்கிறது மாமா, பின்னால் நடந்து நடந்து இப்போதெல்லாம் தலையும் சுற்றுகிறது என்றாள். வேறு எதையும் சொல்லவில்லை. அவர் அவளை ஒரு தரம் பார்த்தார். கோட்டை எடுத்து அவளிடமே கொடுத்து, போட்டுக்கொள், பொத்தானையும் போடு என்றார். எஸ்பொலுக்குத் தெரியுமா என்று கேட்டார். அவள் இல்லையென்று தலையாட்டினாள். பேரப்பிள்ளை வரப்போகிற சேதி அந்த வீட்டில் முதலில் தெரிந்தது, கம்பில்லாமல் நிற்க முடியாத அந்த மனுஷனுக்குத்தான்.

ஒரு வாரத்தில் வீடு மாறிவிட்டது. மென்சுலு அறையில் நேராக நடந்தாள். காலையில் அவர் எழும்போது, பின்பக்கம் மாமா, நெஞ்சு கடைசி என்று சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தாள். குனிய முடியாததால் நவம்பரிலிருந்து காலுறையே போடாமல் வெறுங்காலில் கம்பளிப் பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தவர், ஒருநாள் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மருமகள் வேறெங்கோ பார்த்தபடி காலுறையை மாட்டிவிட்டாள்.

அதை உல்மெக்கென் பார்த்துவிட்டாள். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் கேரட்டை நறுக்கவில்லை, வெட்டினாள்.

"நான் போட்டு விடறேன்னு எத்தன தடவ கேட்டேன் தெரியுமாக்கா? குளுரலனு சொன்னாரு. ரெண்டு காலும் நீலம் பாஞ்சு கெடக்கு, குளுரலயாம். இருவத்தாறு வருசம் குடும்பம் பண்ணவகிட்ட வெக்கம். அஞ்சு மாசத்துக்கு முன்னாடி வந்தவகிட்ட இல்ல."

உனக்கு அவர் பலசாலியாகத் தெரிய வேண்டும் என்று நினைக்கிறாரோ என்னவோ, ஊருக்கெல்லாம் இளைத்துக் காட்டலாம், கட்டினவளிடம் காட்டக் கூடாது என்று சில ஆண்களுக்கு ஒரு வீம்பு உண்டு என்றேன். அவள் கத்தியை வைத்துவிட்டு யோசித்தாள். "அந்தப் பலசாலிய நான் எப்பப் பாத்தேன்? அவன் கடல்லதான இருந்தான்" என்றாள்.

மார்ச் பதினான்கு, கொரிசு. குளிர்காலம் தாண்டி உயிரோடு இருக்கிறோம் என்று வீடு வீடாகப் போய் இரண்டு கையும் நீட்டி வாழ்த்திக்கொள்ளும் நாள். கல்னியாஸ் காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தார். சின்னவர்கள், பெரியவர்கள் எல்லோருக்கும் இரண்டு கையையும் கொடுத்து, தோளில் தோள் சேர்த்து, ஒரு வயது கூடியதற்கு வாழ்த்து வாங்கினார். மேசையில் எண்ணெயில் பொரித்த பவுர்சாக் உருண்டைகளின் குவியலும் மீனும் மசித்த உருளைக்கிழங்கும். கப்பல்காரர்களும் வந்தார்கள். தேறிவிட்டாயே என்று கேப்டன் முதுகில் தட்டினார். கல்னியாஸின் நெற்றியில் வேர்வை அரும்பியதை நான் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே இருந்தார்.

கப்பல் மெக்கானிக் கெனா போகும்போது அவர் சட்டைப் பையில் ஒரு சிறு பெட்டியைச் செருகிவிட்டுப் போனான். மரத்துப்போக வைக்கும் ஊசி மருந்து. பரிசோதனை அன்று காலை போட்டுக்கொண்டால் எருமை மாதிரி குனியலாம், நிமிரலாம். கடலோடிகளுக்கு இது புதிதில்லை.

எங்கள் பக்கத்து மணல் கிராமங்களில் ஊசி போடத் தெரியாத பெண் குறைவு. பரிசோதனைக்கு முந்தின நாள் அவர் மென்சுலுவைக் கூப்பிட்டார்.

"ஊசி போடத் தெரியுமில்ல உனக்கு?"

"தெரியும் மாமா. எங்கப்பாவுக்குப் போட்டிருக்கேன். ஒட்டகத்துக்கும் போட்டிருக்கேன்."

"நான் ரெண்டுக்கும் நடுவுல" என்றார். பெட்டியைக் காட்டினார்.

அவள் அதை வாங்கிப் படித்துப் பார்த்தாள். "எதுக்கு இது?"

"ஒரு நாளைக்கு வலி தெரியாம இருக்க. டாக்டர் குனியச் சொல்லுவாரு. குனிஞ்சுட்டு வந்துருவேன்."

"அப்பறம்?"

"அப்பறம் கப்பல்."

"கப்பல்ல யாரு போடுவா?"

 அவள் பெட்டியைப் பலகை ஓரத்தில் வைத்தாள். "நீங்க பெரியவங்க. வேற எது சொன்னாலும் செய்வேன். இதச் செய்யமாட்டேன். அத்தகிட்ட சொல்லமாட்டேன். வேற யார வெச்சாவது நீங்க போட்டுக்கிட்டாலும் சொல்லமாட்டேன். என் கையால வேண்டாம் மாமா."

இப்போது அவர் நிஜமாகவே கோபித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார். அவள் அவருக்கு முதுகு காட்டி, நேராக, சமையலறைக்குப் போனாள். ரொட்டி மாவு பிசைந்தாளாம். பிசைந்து முடிக்கும்வரை கண்ணீர் நிற்கவில்லையாம்.

மறுநாள் புருஷனும் பெண்டாட்டியும் வேனில் அக்தாவுவுக்குப் போனார்கள். பெட்டி அவர் பையில்தான் இருந்தது. மருத்துவமனை வராந்தாவில் அவரைப்போல இருபது பேர். பக்கத்து அறையிலேயே ஊசி போடும் நர்ஸ். கேட்டால் போட்டுவிடுவாள். அவர் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உல்மெக்கெனுக்குப் பெட்டி விஷயம் தெரியாது. பசிக்கிறதா என்று கேட்டாள், இல்லை என்றார்.

பெயர் கூப்பிட்டார்கள். எழுந்து நேரே டாக்டரிடம் போனார். சின்ன வயசு டாக்டர். கையால் தரையைத் தொடுங்கள் என்றார். இவர் தொடை வரைக்கும் குனிந்தார். இன்னும் கொஞ்சம் என்றார் டாக்டர். பல்லைக் கடித்தால் முட்டி வரைக்கும் போயிருக்கலாம் என்று பிறகு உல்மெக்கெனிடம் சொன்னாராம். அப்போதுதான் தளத்தில் வடம் இறுகி நிற்பது கண்ணுக்குள் வந்தது. அறுந்தால் கண் இமைப்பதற்குள் குனிய வேண்டும். குனியாதவன் சாவது ஒரு பக்கம். அவனைத் தாண்டி ஓட முடியாமல் பின்னால் நிற்கிறவனும் சாவான்.

"இவ்வளவுதான் குனிய முடியும், எழுதிக்குங்க" என்றார்.

திரும்பும்போதும் வேன்தான். பாதி வழியில், கல் மேடுகள் முடிந்து வெட்டவெளி தொடங்கும் இடத்தில், அவர் டிரைவரை நிறுத்தச் சொன்னார். அரை மணிக்கு மேல் உட்கார முடியாது. உல்மெக்கெனும் கூடவே இறங்கினாள். ஏப்ரல் பிறந்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. தரையெல்லாம் மெல்லிய பச்சை. எங்கிருந்தோ வந்த ஆமை ஒன்று சாலையைக் கடக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அவர் அவள் தோளில் கை வைத்து நின்றார். கடல் தெரியவில்லை, ஆனால் அவர் பார்வை அந்தப் பக்கம்தான் இருந்தது.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள் உல்மெக்கென். "சொன்னா திட்டுங்க, பரவால்ல. அன்னைக்கு உங்களக் கதவுல தூக்கிட்டு வந்தாங்கல்ல? உசுரு இருக்குனு தெரிஞ்ச ஒடனே எனக்குச் சந்தோசமா இருந்துச்சு. இனிமே போகமாட்டாருனு. நீங்க வலில கத்திட்டு இருக்கீங்க, நான் சமையக்கட்டுல நின்னு சந்தோசப்படறேன். இந்தப் பாவத்த நான் எங்க போய்ச் சொல்லுவேன்? இன்னிக்கும், நீங்க உள்ள போனதும், தேறக் கூடாதுனுதான் ஓதுனேன்."

அவர் அவளைத் திட்டவில்லை. வேனுக்குள்ளிருந்து யாரோ, கெழவா ஏறுய்யா என்றார்கள். சட்டைப் பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து அவள் கையில் கொடுத்து, கெனாவிடம் திருப்பிக் கொடுத்துவிடு என்றார். அவள் என்ன ஏது என்று கேட்காமல் கோட்டுக்குள் செருகிக்கொண்டாள்.

"உல்மெக்கென்" என்றார். அவள் பெயரைச் சொல்லி அவர் கூப்பிட்டு எத்தனையோ காலம் ஆயிற்று. "ஜூன் மாசம் நம்ம ஊரு எப்பிடி இருக்கும்?"

"ஏன் கேக்கறீங்க?"

"நான் பாத்ததே இல்லயே. கல்யாணத்துக்கு அப்பறம் ஒரு ஜூனும் வீட்ல இருந்ததில்ல."

அவள் யோசித்தாள். பெரிதாகச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. "கொசு இருக்கும். மீன் ஒரு நாள் தாங்காது. தண்ணி லாரி எப்ப வரும்னு தெருவுல காத்துக் கெடக்கணும். ராத்திரி உள்ள படுக்க முடியாது, முத்தத்துலதான் படுப்போம். காத்து நின்னுட்டா கடல் அப்பிடியே கண்ணாடி மாதிரி கெடக்கும். அவ்ளோதான்."

"முத்தத்துல எந்தப் பக்கம் படுப்ப?"

"செவுத்தோரம்."

"அங்க எனக்கும் எடம் இருக்குமா?"

"பலகை போடணும்" என்றாள் உல்மெக்கென். "அளந்து பாத்துச் சொல்றேன்."

டிரைவர் ஹாரன் அடித்தார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஏறினார்கள்.